கழிசல் என்று நான் சொன்ன பாட்டு

1

நம் குப்பத்துக் கங்கையம்மன் ஆடித் திருவிழா மலருக்கு, "வெளிநாட்டு வாழ்க்கை பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுண்ணா" என்று கமிட்டிப் பிள்ளைகள் போன் மேல் போன் போட்டார்கள். பனி, மலை, பெரிய பெரிய கப்பல் என்று இனிப்பாக எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் சர்க்கரை போடத் தெரியாது. அதோடு இப்போது கோபத்தில் வேறு இருக்கிறேன். பாதிக் கோபம் நான் பிழைக்க வந்த இந்த ஊர் மேல். மீதி உங்கள் மேல்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெண் கங்கா, பதினேழு வயது, ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு பேசாமல் இருந்தாள். நான் சொன்ன ஒரே ஒரு வார்த்தைதான் காரணம். அந்த வார்த்தையை என் வாயில் போட்டது பழவேற்காட்டுக் கரையில் கூடை வைத்துக்கொண்டு நிற்கிற நீங்கள்தான்.

அம்மா தாயே, கை கொஞ்சம் காரமாகப் போனால் நீ பொறுத்துக்கொள். மலரில் உன் படத்துக்குப் பக்கத்தில் இதைப் போடவேண்டாம் என்று கமிட்டிக்குச் சொல்லியிருக்கிறேன்.

2

நான் இருப்பது நியூசிலாந்தில் தெற்குக் கோடியில் டனிடின் என்கிற ஊர். மீன்பிடிக் கப்பலில் ஆளாக வந்தேன். பிறகு கரையிலேயே மீன் பாக்கிங் ஷெட்டில் வேலை கிடைத்தது. மனைவி மல்லிகாவையும் ஆறு வயதுக் கங்காவையும் வரவழைத்து இந்த ஆடியோடு பதினோரு வருடம். இங்கே குளிர்காற்று தெற்கிலிருந்து வருகிறது. வாடையே திசை மாறி வீசுகிற ஊரில் வேறு எது நேராக இருக்கும்?

ஷெட் வேலை ஒன்பதரைக்கு. அதற்கு முன்னால், ஏழு மணியிலிருந்து, ஒரு ரெக்கார்டுக் கடையைக் கூட்டித் துடைக்கிறேன். கடைக்காரன் பெயர் கிரேக். ஐம்பது வயது, நரைத்த குடுமி. மனுஷன் கெட்டவன் இல்லை. அவன் காதுதான் கெட்டுப்போன காது.

அந்தக் கடையில் சினிமாப் பாட்டு கிடையாது, சாமி பாட்டு கிடையாது. உலகத்தில் எவனுக்கும் தெரியாத கோஷ்டிகளின் பாட்டு மட்டும்தான். அதிலும் இரண்டு ஜாதி. ஒன்று 'இண்டி ராக்'. பெரிய கம்பெனி எதிலும் சேராமல் நாலு பேர் கிதாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு சொந்தமாகப் போடுவது. இன்னொன்று 'எலக்ட்ரானிக்'. அதில் பாதிப் பாட்டில் ஆளே கிடையாது, மெஷின்தான். வியாழக்கிழமை புதுப் பெட்டி வரும். கிரேக் விடிந்ததும் வந்து பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்பான். புதிதாக எவன் வந்திருக்கிறான், எதை யாருக்குச் சிபாரிசு செய்யலாம் என்று பார்ப்பதுதான் அவன் தொழில். வீட்டில் அம்மனுக்கு விளக்கேற்றி நெற்றி நிறையத் திருநீறு வைத்துக்கொண்டு போகிற நான், அந்த இரைச்சலில் நின்றுதான் தரை துடைக்க வேண்டும்.

வாய் சும்மா இருக்குமா? தமிழில் திட்டிக்கொண்டே துடைப்பேன்.

கிதார் சத்தத்துக்கு அடியில் பாடுகிறவன் குரலே கேட்காத ஒரு பாட்டு. "வலை முழுக்கப் பாசி அடைச்சிக்கினு கீது. உள்ள மீன் கீதா இல்லையான்னு எவனுக்குத் தெரியும்?" ஒரு மெஷின் பாட்டு, ஆறு நிமிஷம் டுப் டுப் என்று. "மோட்டார்ல தண்ணி பூந்துச்சி. கயித்த இழுக்கறான், இழுக்கறான், ஸ்டார்ட்டே ஆவல." அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் படுக்கையறையில் உட்கார்ந்து ரகசியம் பேசுகிற மாதிரி பாடியது வந்தது. "ஒப்பாரி வைக்கத் தெரியாதவ சாவு வூட்டுக்கு வந்து மூலையில ஒக்காந்த மாதிரி கீது." இன்னொன்றில் தாளம் கிடையாது, வார்த்தை கிடையாது, ஊ என்று ஒரே சத்தம். கிரேக் கண்ணை மூடிக் கும்பிடாத குறையாக நின்றான். "காத்தில்லாத மத்தியானம். பாய் தொங்குது. தூங்கறதுக்கு இன்னாத்துக்கு ரெக்கார்டு?"

கங்காவின் பள்ளிக்கூட பஸ் அந்தத் தெருமுனைக்குத்தான் வரும். அதனால் காலையில் என்னோடு வந்து கவுண்டர் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். கையில் ஒரு நோட்டு, வீட்டுப்பாடம் என்று நினைத்தேன். "நைனா, இதுக்கு இன்னா சொல்ற?" என்று ஒவ்வொரு பாட்டுக்கும் கேட்பாள். கேட்கிறாளே என்று நானும் ஒன்றுக்கு இரண்டாகத் திட்டுவேன். விழுந்து விழுந்து சிரிப்பாள். உண்மையைச் சொன்னால், நாளெல்லாம் இங்கிலீஷில் பேசித் திரிகிற பெண்ணும் நானும் பேசிக்கொள்ள அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

3

குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தேன். போன வருடம் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள், கையில் கிரேக் கொடுத்த வேலைக் கடிதம்.

"கடையைச் சுத்தம் செய்பவர், புது இசையைச் சிபாரிசு செய்பவர் என்று இரண்டு வேலை எழுதியிருக்கிறதே?" என்றாள்.

பொய்க் கடிதம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உண்மையைச் சொன்னேன். "சிபாரிசு இல்லை மேடம். திட்டுவேன்."

"யாரை?"

"பாட்டை."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கடிதத்தை மாற்றி வாங்கி வரச் சொன்னாள். மாற்றுக் கடிதத்துக்கு ஒரு படிவம். படிவம் தருகிற ஜன்னல் வேறு, அந்த ஜன்னல் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் திறக்கும். பொன்னேரி தாலுக்கா ஆபீசை இனிமேல் திட்டாதீர்கள். அங்கே ஜன்னலாவது தினமும் திறக்கிறது.

நேரே கடைக்குப் போய் "என்ன எழுதினாய்?" என்று கேட்டேன். கிரேக் என் கையைப் பிடித்துக்கொண்டு போய் ரெக்கார்டு அடுக்குகளைக் காட்டினான். ரெக்கார்டு உறைகளின் மேல் சின்னச் சின்ன அட்டைகள், பேனாவில் சாய்த்துச் சாய்த்து எழுதினவை. தினமும் நான்தான் அவற்றுக்குத் தூசி தட்டுகிறேன். விலை எழுதியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவன் விரல் வைத்துப் படித்துக் காட்டினான். ஒவ்வொன்றின் தலைப்பிலும் 'தரை துடைக்கிறவர் சொல்கிறார்'. கீழே என் பாசி அடைத்த வலை, என் தண்ணீர் புகுந்த மோட்டார், என் சாவு வீட்டு மூலை.

"உன் அட்டை இருக்கிற ரெக்கார்டுதான் முதலில் போகிறது. எதை நீ ரொம்பத் திட்டினாய் என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள்" என்றான். இதை ஒரு நல்ல செய்தி மாதிரி சொன்னான்.

தமிழ் தெரியாதவனுக்கு நான் சொன்னது எப்படித் தெரிந்தது? அந்த நோட்டு வீட்டுப்பாடம் இல்லை, என் ஏச்சுக்குக் கங்கா எழுதிய இங்கிலீஷ்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வைத்தே கேட்டேன். "அப்பன் வாயை வெள்ளைக்காரனுக்கு வேடிக்கை காட்டினியா? ஊரே என்னப் பாத்து சிரிக்குது."

"உன்ன பாத்து சிரிக்கல நைனா. நீ சொல்றத கேட்டு சிரிக்கறாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. அந்தப் பாட்டு நீ சொன்னா மாதிரியேதான் கீது. பெரிய பெரிய ஆளுங்க பக்கம் பக்கமா எழுதறாங்க, இப்படி யாரும் சொல்லல. அத கேட்டுட்டுதான் அந்தப் பாட்ட தேடி வராங்க."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு வாரம் கடையில் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை, பானையைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுகிற மாதிரி ஒரு பாட்டு வந்தது. அடக்க முடியாமல் இரண்டு வார்த்தை விட்டேன். அவள் நோட்டைத் திறந்தாள். ஒழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

4

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

படகு நிறைய இறால் வந்து கரை தட்டினால் நாம் எப்படிப் பேசுவோம்? "இன்னாடா மீன்பாடு?" என்று கேட்டால், "அத்த ஏன் கேக்கற, வெறும் கழிசல்" என்போம். கழிசல் என்றால் கருவாட்டுக்குக்கூட ஆகாமல் கோழித் தீனிக்குப் போகிற பொடி மீன். கூடையில் கை அளவு எறா துள்ளிக்கொண்டிருக்கும், மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு கழிசல் என்போம். கேட்கிறவனும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாமா, கழிசல்தான்" என்று துப்பிவிட்டுப் போவான். அவன் அப்படித் துப்பினால் நல்லவன். துப்பாமல் "அடேங்கப்பா" என்றால் அவன் கண்ணுக்கு அடுத்த நாள் உப்பு மிளகாய் சுற்றிப் போடவேண்டும்.

எனக்குக் கல்யாணமான புதிது. முகத்துவாரத்தில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைச்சலாக ஒரு கொடுவா மீன் மாட்டியது. புது மாப்பிள்ளைத் திமிர். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, "மல்லிகா, பாத்தியாடி! இது மாதிரி எவனாவது புடிச்சிருக்கானா?" என்று கரையெல்லாம் கேட்கக் கத்தினேன். மல்லிகாவின் பெரியம்மா ஓடி வந்து என் முகத்துக்கு நேராக மீன் மேல் துப்பினாள். "தூ, கழிசல்! மூடுடா வாயை." நான் சிரித்தேன். அந்த வாரமே வலை ஏரிக்குள் ஏதோ பழைய முளைக்குச்சியில் மாட்டி நாராகக் கிழிந்தது.

யாராவது வலை பின்ன உதவிக்கு வந்தீர்களா? "வாயைத் தொறந்தான் இல்ல, அனுபவிக்கட்டும்" என்றீர்கள். எனக்கு வாய்தொறந்தான் என்றே பெயர் வைத்தீர்கள். தெருவில் போனால் "இன்னா வாய்தொறந்தான், இன்னிக்கு இன்னா பாடு?" கல்யாண வீட்டுப் பந்தியில், "வாய்தொறந்தானுக்கு இன்னும் ஒரு கரண்டி போடு." கப்பலேறுகிற வரைக்கும் அந்தப் பெயர்தான். என் தம்பி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவனுக்கு வாய்தொறந்தான் தம்பி.

அன்றைக்குப் புகழ்ச்சிக்கு மூடிய வாய் இது. எனக்கு எது பிடித்ததோ அதை ஏசினேன். எது என்னுடையதோ அதை இன்னும் பலமாக ஏசினேன். என் வீட்டில் பிறந்ததையும்.

5

இந்த வருடம் கோடை முடிகிற நேரம், ஒரு வியாழக்கிழமை. கிரேக் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் காபி கப்போடு நின்றார்கள். கங்கா கவுண்டருக்குப் பின்னால் போய் எதையோ போட்டாள். நான் கிதார் சம்பந்தமான புத்தகங்கள் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மெஷின் சத்தம்தான், மெதுவாக. வழக்கம்போலத் திட்டுவதற்கு வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை. கிதார் வந்தது, போனது. அப்புறம் கொஞ்ச நேரம் எதுவுமே இல்லை. பாட்டு நின்றுவிட்டதா என்று நிமிர்ந்தேன். அப்போது ஒரு குரல், இங்கிலீஷில்தான், பாடியது. என்ன பாடியது என்று எனக்குத் தெரியாது. மாப்பிலிருந்து தண்ணீர் சொட்டி ஷூவுக்குள் போய்க்கொண்டிருந்தது, அதுவும் எனக்குத் தெரியவில்லை. காலில் ஈரம் பட்டபோதுதான் உறைத்தது. குளியலறைக் கதவு வழியாகப் பதினோரு வருடமாக நான் கேட்கிற குரல். என் பெண்.

கூடப் படிக்கிற ஒரு பெண் கிதார், இவள் மெஷினும் பாட்டும், இரண்டு பேருமாகக் கேசட் வெளியிடப்போகிறார்கள், அந்தக் கடையிலேயே ஒரு சாயங்காலம் பாடப்போகிறார்கள் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அவளுக்கு நான் எதுவும் தெரியாமல் கேட்கவேண்டும். மற்ற பாட்டுகளைக் கேட்கிற மாதிரி.

அந்த நேரம் பார்த்து கிரேக் கத்தினான். "யார் இது? பிரமாதம்! இந்த வருஷம் கேட்டதிலேயே இதுதான்!" அவன் சிநேகிதர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேர், பட்டப்பகலில், வாயைத் திறந்து, என் பெண்ணின் முகத்துக்கு நேராக. ஒருத்தனும் துப்பவில்லை. எனக்கு அந்தக் கிழிந்த வலை ஞாபகம் வந்தது.

"இன்னா சொல்ற நைனா?" என்றாள் கங்கா. நோட்டு திறந்திருந்தது. கண் இரண்டும் விளக்கு மாதிரி.

"தூ. கழிசல்" என்றேன். "தூக்கிக் கடாசு."

நான் ஏசியதிலேயே இதை மட்டும் அவள் எழுதவில்லை. சிரிக்கவும் இல்லை. நோட்டை மூடினாள். போட்டிருந்த மாதிரிக் கேசட்டை எடுத்துப் பையில் போட்டாள். கிரேக் "உன் அப்பா என்ன சொன்னார்?" என்று கேட்டதற்கு, "ஒன்றும் சொல்லவில்லை" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

6

மறுநாளிலிருந்து கடைக்கு அவள் வரவில்லை. ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் பஸ் ஏறினாள். சோறு வைத்தால் சாப்பிட்டாள், கேட்டால் தலையை ஆட்டினாள். கடையில் பாடுவதாக இருந்ததை ரத்து செய்தாள். கிதார்ப் பெண் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனாள். கங்கா எங்கே என்று கிரேக் தினமும் கேட்பான், நான் தரையைப் பார்ப்பேன். அம்மனிடம் முறையிட்டேன். அம்மனும் நம் ஊர்க்காரிதானே, அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

மல்லிகாவுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"இன்னாய்யா சொன்ன அதுகிட்ட?"

சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நல்லா இருந்துச்சா?"

நான் கீழே சிதறின செதிலைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"அவ்ளோ நல்லா இருந்துச்சா?" என்றாள் மறுபடியும். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளும் அந்தக் கரைக்காரிதான். "எனக்குப் புரியுது. அதுக்கு எப்படிய்யா புரியும்? ஆறு வயசுல வந்த கொயந்த. அது கூடையக் கண்டுச்சா, எறாவக் கண்டுச்சா? நீ போய் சொல்லு. நான் சொன்னா அது என் சொல்லு."

கங்காவைக் கூப்பிட்டாள். வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தாள். அந்த முதுகுக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கூடை, சாக்கு, கொடுவா, கிழிந்த வலை, நீங்கள் எனக்கு வைத்த பெயர். என் ஜென்மத்தில் அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை.

திரும்பினாள். "அப்போ நான் ஸ்கூல்ல பரிசு வாங்குனப்ப கழிசல்ன்னியே?"

"ஆமா."

"நான் வரைஞ்ச படத்த ஃபிரிட்ஜ்ல ஒட்டினப்ப கிழிச்சிப் போடுன்னியே?"

"எங்கேயும் போடல. எங்கிட்டதான் கீது."

"இத்தினி வருஷமா நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லன்னு நெனச்சினு இருந்தேன் நைனா."

நம் ஊர்க்காரர்களே, இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். செய்வார்களோ என்னவோ.

அப்புறம் அவளே கேட்டாள். "நெஜமாவே மோசமா இருந்தா இன்னா சொல்லுவ?"

யோசித்தேன். "பரவால்லம்பேன்."

"ஏழாங்கிளாஸ்ல நான் டான்ஸ் ஆடினப்ப பரவால்லன்ன."

"ஆமா."

மல்லிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கங்கா என்னை முறைத்தாள், முறைத்தபடியே சிரித்தாள். உடனே அழவும் செய்தாள். "கலீஜான ஊருமா உங்க ஊரு" என்றாள் அம்மாவிடம்.

7

கேசட் வந்துவிட்டது. இந்தக் காலத்தில் எவன் கேசட் வாங்குகிறான் என்று கேட்காதீர்கள், இவர்கள் கூட்டம் வாங்குகிறது. கிரேக் கவுண்டருக்குப் பக்கத்திலேயே அடுக்கிவிட்டு, வெற்று அட்டையை நீட்டினான். "தரை துடைக்கிறவர் என்ன சொல்கிறார்?"

கங்கா நோட்டை எடுக்கவில்லை. "இத நான் எழுத மாட்டேன். நீயே எழுது" என்றாள்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தமிழில் எழுதினேன். 'நல்லா இருக்கு. என் பொண்ணு பாடினது.' இரண்டே வரி. எழுதி முடித்தபோது, நான்கு ஆள் இழுக்கிற வலையை ஒருத்தனாக இழுத்த மாதிரி தோள் வலித்தது. கங்கா பக்கத்தில் வந்து விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க நேரம் பிடிக்கும். முடித்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு முறை படித்தாள்.

இரண்டு வாரம் ஆகிறது. கேசட் ஒன்றுகூட நகரவில்லை. அந்த அட்டையை இந்த ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் என் வீட்டில் இருக்கிறோம். பக்கத்து அடுக்கில் நான் ஏசிய ரெக்கார்டுகள் எல்லாம் ஜோராகப் போகின்றன. நேற்று கங்கா புது அட்டையும் பேனாவும் கொண்டுவந்து நீட்டினாள்.

"நைனா, கழிசல்னு எழுது. அப்பதான் விக்கும்."

"மாட்டேன்."

"எனக்குத் தெரியும்ல, சும்மாதானே?"

"சும்மாகூட மாட்டேன். போ, பஸ் வந்துடும்."

ஆனால் பயம் விட்டதா? கேசட் அடுக்குக்குப் பின்னால், கிரேக்குக்குத் தெரியாமல், ஒரு காகிதப் பொட்டலத்தில் உப்பும் ஏழு காய்ந்த மிளகாயும் வைத்திருக்கிறேன். தூசி தட்டும்போது அது இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். வெள்ளைக்காரன் கண்ணுக்கு அது போதும். உங்கள் கண்ணுக்குப் போதாது. உங்களை எனக்குத் தெரியும்.

அதனால்தான் இந்தக் கடைசி வார்த்தை. வாய்தொறந்தான் இன்னொரு முறை வாயைத் திறந்துவிட்டான், அதுவும் அச்சில், குப்பம் முழுக்கப் படிக்கிற மாதிரி. என் பெண் நன்றாகப் பாடுகிறாள். படித்தாயிற்று அல்லவா? மலரை மூடுவதற்கு முன்னால், எல்லோரும் மூன்று முறை துப்புங்கள்.